வெளியூரில் மாமனாருக்கு மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் ஒசூரில் இருக்கிறோம். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். என் மாமனாருக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நான்கு வருடம் முன்பு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். போன வருடம் மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட்டுவிட்டு, மீனாட்சி அம்மனையும் பார்க்கலாம் என்று மதுரையில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். ராத்திரி ஒரு மணிக்கு அவருக்கு மூச்சு வாங்கியது, படுக்கவே முடியவில்லை. லாட்ஜ்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். முதலில் போன இடத்தில் டாக்டர் இல்லை. இரண்டாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்தக் குழாயில் ஸ்டென்ட் என்று கேட்டபோது எனக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். கையில் பில் மட்டும்தான் இருந்தது. “அங்கே என்ன வைத்தியம் செய்தார்கள்?” என்று எங்கள் டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாசியில் என் மகனுக்கு மொட்டையும் காதுகுத்தும். மாமனார் வந்தே தீருவேன் என்கிறார். அவசரம் என்றால் மதுரையில் எந்த டாக்டரிடம் போவது? பஸ் பயணம் என்றால் அவர் யூரின் மாத்திரையை இரண்டு நாளைக்கு நிறுத்திவிடுவார். அது பரவாயில்லையா? அவரை அழைத்து வரலாமா?
— ஒசூர் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எந்த டாக்டர் என்பதைத்தான் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. யூரின் மாத்திரை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

நாம் யூரின் மாத்திரை, தண்ணி மாத்திரை என்று சொல்வது ஃப்யூரோசிமைடு, டோர்செமைடு போன்ற மருந்துகளை. பலவீனப்பட்ட இதயத்தால் வெளியேற்ற முடியாத உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. அதை நிறுத்தினால் அந்த நீர் உடம்பிலேயே தங்கும். முதலில் கால் வீங்கும், பிறகு நுரையீரலில் கோக்கும். பகலில் நடமாடும்போது தெரியாது. ராத்திரி மல்லாந்து படுத்ததும் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் ‘படுக்கவே முடியவில்லை’ இதோடு அப்படியே பொருந்துகிறது. கடிதத்தை மட்டும் படித்து நோய் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் என்ன நடந்திருக்கும் என்று கோத்துப் பாருங்கள். ஒசூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ். வழியில் இறங்க முடியாதே என்று மாத்திரை கிடையாது. மறுநாள் குலசாமி கோயிலில் கிடாய்க் கறிசோறு, உப்பும் காரமுமாகக் குழம்பு, அப்பளம், ஊறுகாய். சிவராத்திரி முழுக்கக் கண்விழிப்பு. அதற்கு அடுத்த ராத்திரி லாட்ஜில் மூச்சுத் திணறல். தென் மாவட்டங்களில் திருவிழாக் காலத்தில் இதே வரிசையில் வந்து சேரும் பெரியவர்களை எங்களைப் போன்ற டாக்டர்கள் தொடர்ந்து பார்க்கிறோம்.

அதனால் நிறுத்துவது பரவாயில்லையா என்ற கேள்விக்கு என் பதில்: பரவாயில்லை இல்லை, ஆபத்து. அதே சமயம் அவர் ஏன் நிறுத்துகிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. எழுபது வயதில், ஓடுகிற பஸ்ஸில், கண்டக்டரிடம் போய் வண்டியை நிறுத்துங்கள் என்று கேட்கிற கூச்சம் சாதாரணமானதல்ல. இதைத் திட்டித் திருத்த முடியாது, நேரத்தை மாற்றித்தான் தீர்க்க முடியும். அந்த மாத்திரையின் வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ராத்திரி பஸ் என்றால் காலையில் வீட்டிலேயே வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். பகல் பயணம் என்றால் போய்ச் சேர்ந்தபின் போடலாமா என்று உங்கள் இதய டாக்டரிடமே கேளுங்கள். நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை அவரே சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். முடிந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள். ரயிலில் கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவே சொல்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவர் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலோ, செருப்பு இறுகினாலோ, வழக்கத்தைவிட ஒரு தலையணை கூடுதலாகக் கேட்டாலோ, ராத்திரி ஒரு மணி வரை காத்திருக்காதீர்கள். அன்று பகலிலேயே டாக்டரைப் பாருங்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். ஒரு டாக்டர் பெயரை நான் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அந்த டாக்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டு. விழித்திருக்கிற டூட்டி டாக்டரும் கருவிகளும் உள்ள இடம் ஒன்று. அந்த டாக்டர் உங்கள் மாமனாரை ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்வதற்கான ஒரு தாள் மற்றொன்று. முதலாவது மதுரையில் தாராளமாக இருக்கிறது. போன வருடம் உங்களைத் தவிக்க வைத்தது இரண்டாவது இல்லாததுதான்.

எமர்ஜென்சி வார்டில் நடப்பதைச் சொல்கிறேன். மூச்சு வாங்குகிற பெரியவரைப் படுக்கையில் உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்தாயிற்று. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டால், மகன் மஞ்சள் பையைக் கவிழ்த்துக் கொட்டுகிறார். மெடிக்கலில் பத்து நாளைக்கு மட்டும் வாங்கியதால் எல்லாம் கத்தரித்த பட்டைகள். ஒன்றில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து இருக்கிறது, இன்னொன்றில் ‘மி.கி.’ மட்டும் இருக்கிறது, மூன்றாவதில் விலை மட்டும். “இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை காலையில, இந்த ரோஸ் ராத்திரிக்கு” என்கிறார் மருமகள். ரோஸ் நிறத்தில் எத்தனையோ கம்பெனி எத்தனையோ மாத்திரை செய்கிறது. அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தா, கொழுப்பைக் குறைப்பதா, சர்க்கரைக்கா என்று தெரியாமல் அடுத்த ஊசியைப் போட டாக்டருக்குக் கை வராது. ஸ்டென்ட் எப்போது வைத்தது, எந்தக் குழாயில் என்று தெரிந்தால், எடுக்கிற ஈசிஜியைப் படிக்கும் விதமே மாறும். பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்துவிட்டால், ‘இந்த மாற்றம் புதிதா, நான்கு வருடமாக இருப்பதா’ என்ற பெரிய கேள்வி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

எனவே ஒரு முழு வெள்ளைத் தாளை எடுங்கள். மேலே பெயர், வயது, ரத்த வகை, உங்கள் கணவரின் போன் நம்பர், ஒசூர் டாக்டரின் போன் நம்பர். அடுத்து நோய்கள்: சர்க்கரை எத்தனை வருடமாக, பிரஷர் எத்தனை வருடமாக, ஸ்டென்ட் வைத்த மாதமும் வருடமும், எந்தக் குழாய். அதற்குக் கீழே மருந்துகள். கம்பெனி வைத்த பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒசூரில் கிடைக்கும் கம்பெனி உசிலம்பட்டியில் கிடைக்காமல் போகலாம். மருந்தின் பெயர் இருந்தால் எந்த ஊர் மெடிக்கலிலும் அதையே வேறு பெயரில் வாங்கிவிடலாம். எத்தனை மி.கி., எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் சேருங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், டிக்காக்ரெலார் இவற்றில் எதையாவது சாப்பிட்டால் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடு போடுங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால் இந்த ஒரு வரி மிக முக்கியம். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வெளியே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உள்ளே கசிவு இருக்கலாம், சிடி ஸ்கேன் தேவையா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசியில், எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது, கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், பம்பிங் எத்தனை சதவீதம் என்பவற்றை எழுதுங்கள். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, உங்கள் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து, அவர் கையெழுத்தோடு மூன்று பிரதி எடுங்கள். ஒன்று மாமனார் சட்டைப் பையில், ஒன்று உங்களிடம், ஒன்று உங்கள் கணவரிடம். கூடவே ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட் இவற்றின் நகல். மாத்திரைகளை முழுப் பட்டையாக வாங்கி, பயண நாட்களைவிட ஐந்து நாள் கூடுதலாக எடுத்து வாருங்கள்.

போனில் போட்டோ இருக்கிறதே, தாள் எதற்கு என்று உங்கள் கணவர் கேட்கலாம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, 2018 முதல் தடை இருக்கிறது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூட்டத்தில் அவர் பிரிந்து ஒரு மண்டபத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவப்போவது சட்டைப் பையில் இருக்கும் தாள்தான். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் உள்ளே போகும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு எல்லாருக்கும் தெரிந்த இடம்.

கோயிலைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். மாசி மாதத்திலேயே மதுரையில் நண்பகல் வெயில் கல்தரையைச் சுடவைத்துவிடும். மற்றவர்கள் துள்ளி ஓடுகிற இடத்தில் இவர் நிதானமாக நடந்து வருவார், சூடு தெரியாது. ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு விரலை எடுக்கிற அளவுக்கும் போய்விடும். அவரைக் காலை ஏழு மணிக்குள் உள்ளே அழைத்துப் போங்கள், இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின். பகல் 12.30-க்கு நடை சாத்திவிடுவார்கள் என்று பதினொரு மணிக்கு அவசர அவசரமாக வெறுங்காலோடு ஓட வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் அவர் பாதத்தை நீங்களோ உங்கள் கணவரோ கண்ணால் பாருங்கள். விரலிடுக்கையும் விட வேண்டாம்.

அவசரம் என்றால் எங்கே? நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, கை கால் விழுந்துபோவது, மயக்கம், வலிப்பு, விபத்து, பாம்புக்கடி, நிற்காத ரத்தப்போக்கு, இவற்றில் எதுவாக இருந்தாலும் 108. தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிற இலவச ஆம்புலன்ஸ். எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆட்டோ ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நடுராத்திரியில் தெரியாதவருக்காகப் பறந்து ஓட்டுகிறவர்கள், காசு வாங்காமல் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் மதுரையில் நிறைய. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் இந்நேரம் இதய டாக்டர் இருக்கிறார், எங்கே ஐசியூவில் படுக்கை காலி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த இடத்துக்குக் கூட்டிப்போவார். 108-ல் ஆக்சிஜன் இருக்கும், பயிற்சி பெற்ற உதவியாளர் இருப்பார், மூச்சு வாங்குகிறவரை உட்கார வைத்தே கொண்டுபோகலாம்.

108-க்குப் பேசும்போது வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது விலாசத்தில்தான். அறைக்குள் நுழைந்ததும் லாட்ஜின் விசிட்டிங் கார்டு ஒன்றை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ரிசப்ஷன் ஆளையே போனில் பேசச் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும். கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகள் வருவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, உள்ளே இருக்கிற சந்துகள் குறுகல். கோயிலுக்குப் பக்கம் என்று அங்கே அறை எடுப்பதைவிட, வெளி வீதிப் பக்கமோ ஸ்டேஷன் பக்கமோ, வாசல் வரை வண்டி வந்து நிற்கிற, லிஃப்ட் வேலை செய்கிற இடமாகப் பாருங்கள். மாடிப்படி ஏறுவதும் அவருக்கு நல்லதல்ல, ஸ்ட்ரெச்சரில் இறக்குவதும் கடினம்.

வைகைக்கு வடகரையில், கோரிப்பாளையத்தை ஒட்டி அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோவில் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் போதும். மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து மோசமான நிலையில் அனுப்பப்படுகிறவர்கள் வந்து சேருகிற இடம். கூட்டம் இருக்கும், நெரிசல் இருக்கும், கூட ஒரு ஆள் அலையத்தான் வேண்டும். ஆனால் 24 மணி நேரமும் டாக்டர்கள் விழித்திருக்கிறார்கள். பாம்புக்கடி, விஷம், பெரிய தீக்காயம், தலைக்காயம் என்றால் என் வீட்டு ஆளையும் நான் அங்கேதான் கொண்டுபோவேன். தினமும் பார்த்துப் பழகிய கைகள் அவை. தனியார் என்றால் பெரிய மருத்துவமனைகள் பல ஊரின் ஓரத்தில் இருக்கின்றன. மேலூர் ரோடு லேக் ஏரியாவில் மீனாட்சி மிஷன், கே.கே.நகரில் அப்போலோ, ரிங் ரோட்டில் வேலம்மாள் என்று. இவற்றில் ஒன்றைத் தூக்கிச் சொல்வது என் வேலை அல்ல. உங்கள் காப்பீட்டுப் பட்டியலில் எது இருக்கிறது, நீங்கள் தங்குகிற இடத்துக்கு எது அருகில் என்று ஒசூரிலிருந்தே பார்த்து, அதன் எமர்ஜென்சி நம்பரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒரு முறை போன் செய்து கேளுங்கள்: ராத்திரியில் இதய டாக்டர் வருவாரா, ஆஞ்சியோ செய்கிற கேத் லேப் ராத்திரியும் இயங்குமா, சிடி ஸ்கேன் உள்ளேயே இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் அதுவே உங்களுக்கான இடம்.

சர்க்கரை நோயாளியின் நெஞ்சுவலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குப் பல நேரம் வலியே வராது. வியர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், மேல்வயிறு பிசையும், தாடை வலிக்கும். கறிச்சாப்பாட்டுக்கு மறுநாள் என்றால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ‘கேஸ்’ என்று தீர்ப்புச் சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு வியர்வையோடு வருகிற ‘கேஸ்’ ஈசிஜி எடுத்துப் பார்க்கிறவரை கேஸ் அல்ல. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் கேளுங்கள், கேட்பது தப்பில்லை. வழியில் எந்த மாத்திரையைக் கொடுக்கலாம், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவருக்கு ஆகுமா என்பதை உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுத் தாளில் எழுதி வையுங்கள். பக்கத்து அறைக்காரர் கொடுப்பதை வாங்கிப் போடாதீர்கள்.

வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கம் தளர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. மூளைக் குழாயில் அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. இடையில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அடைப்பா ரத்தக் கசிவா என்று ஸ்கேனுக்கு முன் யாருக்கும் தெரியாது.

முதலில் போன இடத்தில் டாக்டர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். டாக்டர் இருந்தும் ‘முதலில் பணம் கட்டுங்கள்’ என்று நிறுத்தி வைத்தால் அது தவறு. உயிர் ஆபத்தில் வருகிறவருக்கு முதல் சிகிச்சை தருவது அரசு, தனியார் எந்த டாக்டருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால், தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம், எந்த மாநிலத்தவராக இருந்தாலும்.

உசிலம்பட்டியில் இருக்கும் நேரத்துக்கு வேறு ஏற்பாடு தேவை. மதுரை அங்கிருந்து சுமார் 40 கி.மீ. குலசாமி கோயில்கள் பெரும்பாலும் ரோட்டிலிருந்து உள்ளே, காட்டுக்குள் இருக்கும். சிவராத்திரி என்றால் வண்டிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருக்கும். உங்கள் வண்டியை வெளியே எடுக்க முடிகிற மாதிரி, ரோட்டைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். ஏதாவது ஆனால் முதலில் உசிலம்பட்டி அரசு மருத்துவமனை. நேரே மதுரை என்று கிளம்பி நடுவழியில் தவிக்க வேண்டாம். அங்கே ஆக்சிஜன், ஊசி, ஈசிஜி முடித்து நிலைப்படுத்தியபின் ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினால், அந்தப் பயணம் பாதுகாப்பாக இருக்கும்.

அங்கே இன்னொரு சிக்கல் பந்தி. பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்பார்கள், கிடாய் வெட்டிச் சமைத்து இலை போட மூன்று மணியாகும். சாப்பாட்டுக்கு முன் போடுகிற சர்க்கரை மாத்திரையைப் பன்னிரண்டுக்கே விழுங்கிவிட்டுக் காத்திருந்தால், குறிப்பாக அது க்ளிமிபிரைடு மாதிரியான மாத்திரையாக இருந்தால், ரெண்டு மணிக்கு வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். சாமி வந்துவிட்டது என்றுகூடச் சுற்றி இருப்பவர்கள் நினைப்பார்கள். இலையில் சோறு விழுவதைப் பார்த்தபின் மாத்திரை போடுவதுதான் பாதுகாப்பு. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், அல்லது பார்க்கக் கருவி இல்லாமல் இந்த அறிகுறி வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, தெளியவில்லை என்றால் திரும்பவும். தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதை வெயிலில் நிற்கிற காருக்குள் விடாதீர்கள். மதுரை வெயிலில் மூடிய காருக்குள் மருந்து வீணாகிவிடும். ஈரத்துணி சுற்றிய மண் கலயத்தில், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

பேரனுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் பெரிய ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டியதில்லை. மதுரையில் சாயங்கால கிளினிக்குகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு போனாலோ கிளினிக் வேண்டாம், நேராக எமர்ஜென்சி. கண்ணில் ஏதாவது விழுந்தாலோ யாருக்காவது திடீரென்று பார்வை மங்கினாலோ அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, 1976 முதல் இந்த ஊரின் பெருமை.

பண விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அது ஒசூருக்கு மட்டும் உரியதல்ல, திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் செல்லும். அட்டையும் குடும்ப அட்டையும் ஆதாரும் நகலாகக் கையில் இருக்கட்டும். சேர்ந்த உடனே அந்த மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் பதிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் அன்று போய்க் கேட்டால் நடக்காது. தனியார் பாலிசி என்றால் அவசர அட்மிஷனைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

போன வருடத்து ரிப்போர்ட்டுகள் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். உள்நோயாளியின் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பில்லில் ஐ.பி. நம்பர், அதாவது உள்நோயாளி எண், இருக்கும். அதையும் சேர்த்த தேதியையும் குறிப்பிட்டு, மாமனார் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் அத்தாட்சி இருக்கும். இந்த மாசிக்கு முன் அது கையில் கிடைத்தால் உங்கள் இதய டாக்டருக்குப் பேருதவி, அன்று ராத்திரி நிஜமாக என்ன நடந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

அழைத்து வரலாமா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயத்தில், அந்தக் கேள்விக்கு ஒசூரில் அவரை நேரில் பார்க்கிற டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு அவரைக் கூட்டிப்போய் ஈசிஜி, எக்கோ, கிரியாட்டினின் பாருங்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்காமல் இருக்கிறாரா, கால் வீக்கம் இல்லையா என்று டாக்டர் பார்க்கட்டும். சரி என்றால் தாராளமாக வாருங்கள். பேரன் காதுகுத்துக்குத் தாத்தா மடி இல்லாமல் போனால் அவருக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். சிவராத்திரிக் கண்விழிப்பு அவருக்கு வேண்டாம், சொந்தக்காரர் வீட்டில் படுக்க வைத்துக் காலையில் காதுகுத்து நேரத்துக்கு அழைத்து வாருங்கள். இலையில் கறி ஒரு துண்டு இருக்கட்டும், குழம்பும் ஊறுகாயும் வேண்டாம். மறுநாள் முழுக்க ஓய்வு, மீனாட்சி அம்மன் கோயில் அதற்கு அடுத்த நாள் காலையில். ஒருவேளை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், டிஸ்சார்ஜ் ஆன அன்றே ராத்திரி பஸ் ஏறாதீர்கள். எப்போது பயணம் செய்யலாம் என்பதை அந்த டாக்டரிடமே சம்மரியில் எழுதி வாங்குங்கள். மாமனாரிடம் யூரின் மாத்திரை விஷயத்தை நீங்கள் சொல்வதைவிட உங்கள் டாக்டர் சொன்னால் கேட்பார். அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவரையும் உள்ளே உட்கார வையுங்கள்.